அப்பா விழித்திருந்த நான்கு மாதங்கள்

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம்தான். இடுப்பு மட்டும் ஒரு நாள் வலிக்கிறது, ஒரு நாள் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறது. உன் தலைவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கடையில் நின்று ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறாய். உன் கண்ணை ஒரு தடவை பரிசோதித்துக்கொண்டால் என்ன?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது என்றுதான் கடிதத்துக்கு மாறினோம். அது நல்லதாகப் போயிற்று. இன்று எழுதப்போவதை என்னால் போனில் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் நரம்பு வார்டில் போன வாரம் ஒருவர் சேர்ந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். பேசிக்கொண்டே இருப்பார், பாதி வாக்கியத்தில் தூங்கிவிடுவார். கையில் ஸ்பூன் இருக்கும், வாயில் சாப்பாடு இருக்கும், ஆள் இருக்க மாட்டார். நேற்று வார்டைக் கூட்டுகிற அம்மா அவரிடம் ஏதோ சிரிப்பாகச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் முழங்கால் இரண்டும் மடங்கி, துணி நழுவுவது போல் தரையில் சரிந்தார். நான் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். மயக்கம் என்று நினைத்து நாடி பார்த்தால் நன்றாக ஓடுகிறது. இரண்டு நிமிடம் கழித்துத் தானாகவே எழுந்து உட்கார்ந்து, "எல்லாம் கேட்டுச்சு சிஸ்டர். நீங்க என் தலைக்குத் தலையணை கேட்டீங்க. வாயைத்தான் தொறக்க முடியல" என்றார்.

இப்படி ஒரு வியாதி இருக்கிறது, குட்டி. விழிப்பைப் பிடித்து வைக்கிற ஏதோ ஒன்று மூளையில் வற்றிப்போகிறதாம். பகலெல்லாம் தூக்கம் வரும். சிரிப்போ கோபமோ துக்கமோ அதிகமானால் உடம்பு தளர்ந்து விழும், அறிவு மட்டும் முழித்திருக்கும். பெரிய டாக்டர் மாணவர்களுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தார். நான் மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் வீட்டில் அம்மாவோ நாமோ சிரிப்பாகப் பேச ஆரம்பித்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவாரே, போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாரே, அது நினைவுக்கு வந்தது. சிடுமூஞ்சி என்று நினைத்தோம். மரப் பட்டறையில் அவருக்குத் 'தாலாட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். இழைப்புளியைப் பிடித்தபடியே தூங்கி இரண்டு இடத்தில் வேலை போயிற்று.

அவரை ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போ. தள்ளிப் போடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கையின் வணக்கம். இடுப்புக்குப் பெல்ட் போடுகிறாயா, இல்லை அதையும் நோயாளிக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாயா?

நீ சொன்னது சரி. அதே வியாதிதான். தலையெல்லாம் வயர் ஒட்டி, பகலில் நாலு தடவை தூங்கச் சொல்லிப் பரிசோதித்தார்கள். பரீட்சை என்று ஒன்றில் அப்பா நூற்றுக்கு நூறு வாங்கியது இதில்தான். வயரை ஒட்டி முடிக்கும் முன்பே தூங்கிவிட்டார். இருபது வயதிலிருந்தே இருந்திருக்கும் என்றார் டாக்டர். அப்பாவுக்கு இப்போது அறுபத்து மூன்று.

டாக்டர் விளக்கி முடித்ததும் அப்பா நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்ப நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

"இல்லைங்க. இது வியாதி."

"அதை ஒரு தாள்ல எழுதிக் குடுக்கிறீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "யாருக்குப்பா காட்டப் போறீங்க?" என்றேன். "யாருக்கும் இல்ல. சும்மா இருக்கட்டும்" என்றார்.

மார்ச் முதல் தேதியிலிருந்து மாத்திரை. மூளையைத் தூண்டி விழிப்பாக வைக்கிற மாத்திரையாம். கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் நிறையச் சொன்னாள், பாதி மறந்துவிட்டது. நீ எழுது.

இன்னொன்று. கடிதம் முழுக்க 'அவர்' 'அவர்' என்றே எழுதியிருக்கிறாய். அப்பா கடிதத்தைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். ஒவ்வொரு 'அவர்' வரும்போதும் 'அப்பா' என்று நானே மாற்றிப் படித்தேன். உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

அன்புடன்,
குட்டி

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள குட்டி,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வார்டில் ஆள் குறைவு, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாத்திரையைக் காலையில் எழுந்ததும் கொடு. இரண்டாவது வேளை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். மூன்று மணிக்குப் பிறகு எக்காரணம் கொண்டும் கூடாது. மறந்துவிட்டோமே என்று சாயங்காலம் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடும், மறுநாள் இரண்டு மடங்கு கஷ்டம். பசி மந்தமாகும். அதனால் காலை ஆகாரத்தை வயிறு நிறையக் கொடுத்துவிடு, பிற்பகல் சாப்பிடவில்லை என்று மல்லுக்கு நிற்காதே. வாய் வறளும், பக்கத்தில் தண்ணீர் வை. காப்பியைக் குறை. மாத்திரை இருக்கிறது என்பதற்காகப் பகல் தூக்கத்தை நிறுத்திவிடாதே. மத்தியானம் இருபது நிமிடம் படுக்கட்டும்.

முக்கியமானது இதுதான். இந்த மருந்து மூளையை மட்டும் தட்டி எழுப்பாது, இதயத்தையும் சேர்த்து விரட்டும். தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகு, பல்ஸும் பிரஷரும் பார். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம், முழு நிமிடம் எண்ணு. வாரம் ஒரு முறை எடை. எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும், மாதம் ஒரு தடவை எனக்கு எழுதி அனுப்பு. துடிப்பு நூறைத் தாண்டினாலோ, மார்பு வலி, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் என்று எது வந்தாலோ டாக்டரிடம் போ. நீயாக மாத்திரையைக் கூட்டாதே, குறைக்காதே, திடீரென்று நிறுத்தாதே. பாட்டிலைப் பூட்டி வை. தாத்தா மாரடைப்பில் போனதை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் நாளைக்கே போய்ச் சொல்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். இந்த முறை அதை முழு மனதோடு எழுதுகிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? முதல் வாரம் எனக்கே பயமாக இருந்தது. சமையலறையிலிருந்து திரும்பினால் அப்பா கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்! நாற்காலியில் யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்த மாதிரி. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வரன் தேடும் விளம்பரம் உட்படப் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்குப் போனோம். முடிவு வரை பார்த்தார். வெளியே வந்து, "படம்னா இப்படித்தான் முடியுமா? நான் பாத்த படமெல்லாம் கல்யாணத்தோட நின்னுடுச்சு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன், அவரும் சிரித்தார். முழங்கால் கொஞ்சம் ஆடியது. தூணில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் உட்காரவைத்துவிட்டுத்தான் சிரிப்புக் காட்டுகிறேன்.

பழைய பட்டறைக்கு ஒரு நாள் நடந்தே போனார். முதலாளியின் மகன்தான் இப்போது பார்க்கிறானாம். மேஜைக் கால் ஒன்றைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ரம்பத்தைத் தொடக் கூடாது என்று நான் சொன்னதால் உப்புத்தாள் மட்டும். வீட்டுக்கு வந்து கை முழுக்க மரத்தூளோடு கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

கேள்விகள்தான் தாங்க முடியவில்லை. நீ எந்த வயதில் சைக்கிள் ஓட்டினாய், நான் ஸ்கூல் விழாவில் என்ன வேஷம் போட்டேன், அம்மா எப்போது முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். "நான் அங்கதான் இருந்தேனா?" என்று கேட்கிறார். இருந்தீர்கள் என்கிறேன்.

பல்ஸ் 78. பிரஷர் 130, 80. எடை அறுபத்தொன்று. நோட்டுப் பக்கத்தை அப்படியே இணைத்திருக்கிறேன்.

தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறார். உன் கவரைப் பிரித்ததும், "எனக்கு ஏதாவது எழுதியிருக்காளா?" என்கிறார். மாத்திரை விஷயம் பூராவும் உங்களுக்குத்தானே எழுதியிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

அன்புடன்,
குட்டி

&nbsp;

ஏப்ரல் 19

அன்புள்ள குட்டி,

நான் நலம். தியேட்டர் கதையை என் அறைத் தோழிக்குப் படித்துக்காட்டினேன், இருவரும் சிரித்தோம்.

நோட்டைப் பார்த்தேன். பத்தொன்பது நாள் தொடர்ந்து 78. நர்ஸிங் படிக்கும்போது நாங்களும் இதைச் செய்திருக்கிறோம். நாற்பது கட்டில், ஒரு தெர்மாமீட்டர். நடுவாசலில் நின்றுகொண்டே எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு நாலு என்று எழுதுவோம். ஒரு நாள், முந்தின நாள் இறந்துபோன ஒருவருக்கும் அதே சூட்டை எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மனுஷ நாடி தினமும் ஒரே எண்ணில் நிற்காது. கடை அவசரத்தில் விட்டுப்போயிருந்தால் பரவாயில்லை, திட்டமாட்டேன். பார்க்காத நாளைக் காலியாக விடு. காலி இடத்தை நம்பலாம், கற்பனை எண்ணை நம்ப முடியாது.

டிப்போ மெக்கானிக் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அவர் மகள் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். நான் ஏனோ அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தாகச் சாப்பிடு.

அக்கா

&nbsp;

ஜூன் 6

அன்புள்ள அக்கா,

சுகம். பதில் எழுதத் தாமதம், கடையில் சரக்கு எடுக்கிற சமயம். நோட்டுப் பக்கங்கள் இத்துடன். இப்போது முழு நிமிடம் எண்ணுகிறேன். 76, 81, 79, 84, அப்படி.

அப்பா நன்றாக இருக்கிறார். மாடி வீட்டு டீச்சர் கேமரா வாங்கியிருக்கிறார், அதில் எடுத்த அப்பா படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்பும் படம் என்றதும் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வேறொன்றும் விசேஷமில்லை.

குட்டி

&nbsp;

ஜூன் 17

குட்டிக்கு,

படத்தைப் பார்த்தேன். சட்டைக் காலருக்குள் நாலு விரல் போகும். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறீர்கள். நீ அனுப்பிய நோட்டில் எடை இன்னும் அறுபத்தொன்று.

இருபது வருஷமாக நோயாளிகள் என்னிடம் பொய் சொல்கிறார்கள். கோபப்பட்டதில்லை, பயத்தில் சொல்கிறார்கள் என்று தெரியும். நீ எதற்குப் பயப்படுகிறாய்? எனக்கு உண்மையான எண் வேண்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே டாக்டரிடம் போ.

அக்கா

&nbsp;

ஜூலை 5

அக்காவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். பதறாமல் படி.

உன் கடிதம் வந்த அன்றே போயிருக்கலாம். ஒரு நாள் தள்ளிப் போட்டேன். மறுநாள் காலை மாடிப்படியில் பாதியில் நின்று மார்பைப் பிடித்துக்கொண்டார். ஆறு நாள் ஆஸ்பத்திரி. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் இரண்டு அடைப்பு இருக்கிறதாம். முதலில் எடுத்த ஈ.சி.ஜி.யில் தெரியவில்லையாம். விழிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இனி எப்போதும் கூடாது, அந்த வகையில் வேறு எதுவும் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியிலிருந்து பல்ஸ் நூற்றுப் பத்துக்குக் குறையவில்லை. பிரஷர் 160, 100. எடை ஐம்பத்தைந்து. ஏப்ரலில் நீ சந்தேகப்பட்ட அந்த 78 வெறும் சோம்பேறித்தனம், முதல் வாரம் எண்ணினதையே திரும்பத் திரும்ப எழுதினேன். ஜூனில் அனுப்பியதுதான் பொய். உண்மையாக எண்ணினேன், எண்ணியதை எழுதவில்லை.

அப்பாதான் கேட்டுக்கொண்டார். முதல் நாள் நூற்றுப் பன்னிரண்டு வந்தபோது, "டாக்டர்கிட்டப் போகணும்பா" என்றேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"போனா நிறுத்திடுவாங்களா?"

"குறைப்பாங்க. நிறுத்தினாலும் நிறுத்துவாங்க."

"இன்னும் கொஞ்ச நாள் குட்டிம்மா. பொறந்ததுலேருந்து நான் முழிச்சிருந்தது மொத்தமே இந்த ரெண்டு மாசம்தான்."

இதற்காக மட்டும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன், அக்கா. அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒன்று இருக்கிறது. உனக்கு எழுதக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தபோது இதை இனி என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. எழுதுகிறேன்.

அம்மா போன அன்று. நீ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். நான் மருந்துக்கடைக்குப் போனேன். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள், கண் அசராதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அப்பா கண் அசரவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். அம்மா அவரைப் பார்த்து, "நான் போனா அழுவீங்களா, இல்ல அப்பவும் அசந்து தூங்கிடுவீங்களா?" என்றாளாம். அம்மாவின் வாய் உனக்குத் தெரியுமே. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார்.

அம்மா தண்ணீர் கேட்டாளாம். மூன்று தடவை. கை நீட்டி டம்ளரைத் தொடுகிற சத்தமும் கேட்டதாம். "எல்லாம் கேட்டுச்சு. ஒரு விரலை அசைக்க முடியல. அப்புறம் கேக்கறதை நிறுத்திட்டா" என்றார்.

நாம் வந்தபோது இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். நீ பார்த்தது அதைத்தான்.

"இத்தனை வருஷமும் இதை ஏன் சொல்லலைப்பா?" என்று கேட்டேன். "சொன்னா யார் நம்புவா? இப்ப டாக்டர் சொன்னப்புறம்தான் எனக்கே புரியுது. பெரியவளுக்குத் தெரிய வேணாம். நான் தூங்கிட்டேன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். கேட்டுக்கிட்டு இருந்தேன்னா அவ தாங்கமாட்டா" என்றார்.

இதைச் சொன்ன மனிதரிடமிருந்து மாத்திரையை எப்படிப் பிடுங்குவேன்? எண்ணை மாற்றி எழுதினேன். தப்புதான். அவர் உயிரோடு விளையாடிவிட்டேன். நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

குட்டி

&nbsp;

ஆகஸ்ட் 9

அன்புள்ள குட்டி,

ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதலில் அப்பாவைப் பற்றி. மாத்திரை நின்றதும் தூக்கம் முன்னைவிட அதிகமாகத் தெரியும். மனசும் சேர்ந்து இறங்கும். அதைத்தான் நீ கவனமாகப் பார்க்க வேண்டும். சாப்பிட மறுக்கிறாரா, விழித்திருக்கும் நேரத்திலும் பேசாமல் இருக்கிறாரா, இனி எதற்கு என்கிற மாதிரிப் பேச்சு வருகிறதா, உடனே டாக்டரிடம் சொல். பகலில் நேரம் பிரித்துத் தூங்கவிடு. எழுப்புவதென்றால் உலுக்காதே, தோளைத் தொட்டுப் பெயரைச் சொல். மீதி மாத்திரையை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடு. வீட்டில் வைக்காதே.

உன்னைத் திட்டமாட்டேன். உன் இடத்தில் நான் இருந்தால் 112 என்று எழுதியிருப்பேன், எழுதியதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பேன். அப்பா என்னிடம் 'இன்னும் கொஞ்ச நாள்' என்று கேட்டிருக்கவே மாட்டார்.

அம்மா விஷயம். இதய நோய் முற்றிய கட்டம் அது. தண்ணீர் கொடுத்திருந்தாலும் போயிருப்பாள். இதை நர்ஸாகச் சொல்கிறேன், அப்பாவிடமும் சொல். தாகத்தோடு போனாள் என்பதை மகளாக நினைத்துக்கொள்கிறேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அம்மாவை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் நீ உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தாய். அப்பா கூடத்தில் நாற்காலியில், தலை தொங்கி, வாய் லேசாகத் திறந்து, கண் மூடியிருந்தார். ஊரே அழுகிறது, இவர் தூங்குகிறாரே என்று எனக்குப் பற்றி எரிந்தது. காதருகே குனிந்து சொன்னேன்: "தூங்குங்க. நல்லாத் தூங்குங்க. இனிமே எழுப்ப ஆளில்ல." அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஒன்பது வருஷம் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை.

துக்கம் அதிகமானாலும் உடம்பு அப்படித் தளரும் என்று ஜனவரியில் நானே உனக்கு எழுதினேன். எழுதும்போதே கை நின்றது, தாண்டி எழுதிவிட்டேன்.

அவர் அன்று தூங்கிக்கொண்டிருந்தாரா, கேட்டுக்கொண்டிருந்தாரா? உனக்குத் தெரிந்தால் சொல். அவரிடம் மட்டும் கேட்காதே.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்கா,

நலமாக இரு. அதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

அப்பா பகலில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் விழித்திருந்தால் அதிகம். சாப்பிடுகிறார், எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. பல்ஸ் 74, 80, 77. வியாழக்கிழமை பார்க்கவில்லை, காலியாக விட்டிருக்கிறேன். பேப்பரை மார்பில் விரித்தபடி தூங்குகிறார். மேஜைக் காலுக்கு வார்னிஷ் அடித்தார்களா என்று கேட்டுவரச் சொன்னார், கேட்டு வந்தேன். வந்து சொல்வதற்குள் தூங்கிவிட்டார். எழுந்ததும் மறுபடி கேட்டார்.

நீ கேட்டதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நேற்று, "பெரியவ வருவாளா?" என்றார். வரச் சொல்லி எழுதட்டுமா என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். "வந்தா அன்னிக்கு மட்டும் ஒரு மாத்திரை குடுப்பியா? ஒண்ணே ஒண்ணு. அவ முன்னாடி தூங்கி விழக்கூடாது" என்றார்.

நாலு மாத்திரை இன்னும் என்னிடம் இருக்கிறது, அக்கா. திருப்பிக் கொடுக்கப் போனேன், மருந்தக வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். ஒரு நாள், ஒரு மாத்திரை. நீயும் பக்கத்தில் இருப்பாய். நர்ஸ் நீ, பார்த்துக்கொள்ள மாட்டாயா? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

குட்டி

&nbsp;

செப்டம்பர் 2

அன்புள்ள குட்டி,

கூடாது. ஒன்றும் கூடாது, பாதியும் கூடாது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன். நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் அடைபட்ட குழாய் திறந்துகொள்ளாது. என்னைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த இதயம் வேறு ஓடும்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே மருந்தகத்துக்குப் போ. கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படி.

போய் வந்தாயா? சரி. பதினைந்தாம் தேதியிலிருந்து பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. வருகிறேன். அப்பாவிடம் இப்படிச் சொல்: அக்காவுக்குத் தூங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம், அதற்குத்தான் சம்பளமே வாங்குகிறாள். அவர் தூங்கட்டும். நான் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா

&nbsp;

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. இடுப்பு எப்படி இருக்கிறது? பத்து நாளும் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாயே. டீச்சர் கேட்டார், "உங்க அக்கா எழுந்திருக்கவே மாட்டாங்களா?" என்று.

நீ வந்த அன்று அப்பா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீ பெட்டியை இறக்கிய சத்தத்தில் கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா" என்றார், முகவாய் மார்பில் விழுந்தது. நீ பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்து தலையைத் தாங்கினாய். கையை எடுக்காமல் இரண்டு நிமிடம் அப்படியே நின்றாய். அவர் தேறி எழுந்ததும், "பயணம் எப்படி இருந்துச்சு?" என்றுதான் கேட்டார். நீயும், "பஸ்ல கூட்டம்பா" என்றாய். பத்து நாளும் இப்படியேதான். நீ பேச வாயெடுப்பாய், அவருடைய கண் கலங்கும், கழுத்து தளரும், நீ உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய். எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் நாற்பது நிமிடம் விழித்திருந்தாரே, அன்று உன்னிடம் பல்ஸ் பார்க்கக் கற்றுக்கொண்டு உன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாரே, அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "தொண்ணூத்தாறு இருந்துச்சு பெரியவளுக்கு. என்னைத் திட்டறா, அவளைப் பாத்துக்க ஆளில்ல" என்கிறார்.

நீ கிளம்பும்போது கொடுத்த கவரைப் பத்திரமாக வைத்திருந்தேன். அவருக்கு உடம்பு தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து, படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்து, மெதுவாகப் படி என்று சொன்னாய். நேற்று மத்தியானம் தூங்கி எழுந்ததும் படித்தேன். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்பதிலேயே ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. அன்று கூடத்தில் சொன்னதற்கு, என்ன சொன்னாய் என்று எழுதாமலே, மன்னிப்புக் கேட்டிருந்தாயே, அந்த வரியில் அவர் முகம் முழுவதும் தளர்ந்துவிட்டது. இமை பாதி மூடி, உதடு தொங்கி, பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற மாதிரியே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நீ சொன்னபடி படிப்பதை நிறுத்தாமல், கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

மூன்று நிமிடம் ஆயிற்று. முதலில் விரல் அசைந்தது. "இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். பிறகு, "அவளுக்குப் பதில் எழுதணும், எழுதிக்க" என்றார். பேனாவை எடுத்து வருவதற்குள் தூங்கிவிடுவாரோ என்று ஓடினேன். தூங்கவில்லை, காத்திருந்தார். இதுதான் அவர் சொன்னது, ஒரு வார்த்தை மாற்றவில்லை:

"அன்னிக்கு நீ ஏதோ சொன்னேன்னு எழுதியிருக்கே. எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. நான் நல்லாத் தூங்கிட்டேன்."

எழுதி முடித்துவிட்டேனா என்று தாளை வாங்கிப் பார்த்தார். 'நல்லா' என்பதன் கீழே ஒரு கோடு போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.

உன்
குட்டி